மகள் மென்று துப்பிய காளான்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என் மகள் பல்கலைக்கழகத்தில் காளான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மழை பெய்த மறுநாள் கோம்பாக் காட்டுக்குப் போவாள். அவள் திரும்பி வந்தால் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் சாப்பாட்டு மேசை முழுவதும் காளான்தான். குடையின் நிறம், அடியிலுள்ள மடிப்பு, தண்டு ஒடியும் விதம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சிவப்புக் காளான் ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். என் கையிலிருந்த ரசச் சட்டி நழுவப் பார்த்தது.

"அடிப்பாவி, துப்புடி!"

சிங்க்கில் துப்பி, வாய் கொப்பளித்த பிறகுதான் பேசினாள். "ருசியும் ஒரு அடையாளம்மா. சிலது காரமா இருக்கும், சிலது சப்புன்னு இருக்கும். தண்டு சாக்பீஸ் மாதிரி ஒடியுது பாருங்க. இந்த வகைய விழுங்காம துப்பிட்டா ஒண்ணும் ஆகாது லா. தெரிஞ்ச காளான்தான்."

"பாசார்ல கத்தரிக்காயைக்கூடத் தொட்டுப் பார்க்கமாட்ட. இதை மட்டும் மெல்லுவியா?"

சாயங்காலம்வரை அவள் பின்னாலேயே சுற்றினேன். வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"டாய்லெட்டுக்காவது தனியா போக விடுங்கம்மா!"

ஒன்றும் ஆகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தக் காளானின் ஒரு துண்டை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். மரபணு முடிவு வந்துவிட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அது அவள் நினைத்த காளான் இல்லையாம். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாமாம்.

"புதுசும்மா!"

தெரிந்த காளான் என்றுதானே வாயில் போட்டாள்? அன்று ஏதாவது ஆகியிருந்தால் டாக்டரிடம் எந்தப் பெயரைச் சொல்லியிருப்போம்?

"பேரே இல்லாததையாடி தின்ன?"

"திங்கல. துப்பினேன்," என்றாள். முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. "ஆனா ஒண்ணே ஒண்ணை வச்சு புது இனம்னு எழுத முடியாதும்மா. இன்னும் சிலதைத் தேடிப் பிடிச்சு முதல்லேர்ந்து எல்லாம் பார்க்கணும்."

"ருசியுமா?"

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

அடுத்த மழைக்குப் பிறகு நானும் அவளோடு காட்டுக்குப் போனேன். வாயில் வைக்க வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. ஒரு பெரிய மரத்தின் வேரோரம் அதே சிவப்பு. குனிந்து ஓரத்தைக் கிள்ளினாள், என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். நான் அவள் தொண்டையை மட்டும் பார்த்தேன், அசைகிறதா என்று. அசையவில்லை. துப்பினாள்.

"காரமே இல்லை," என்று எழுதிக்கொண்டாள்.

எனக்குத்தான் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.