மகள் பெயரில் விழுந்த ஓட்டு

மகளின் பள்ளியில் இணைய வகுப்பு தொடங்கியபோது, என் கண் முதலில் போய் நின்றது அதிலிருந்த பச்சைப் புள்ளியில்தான். எந்தக் குழந்தை அந்த நேரத்தில் உள்ளே இருக்கிறதோ அதன் பெயருக்குப் பக்கத்தில் அது தெரியும்; வெளியேறினால் மறைந்துவிடும். படிப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவேன்.

நாலாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவின் டீச்சர் பாலக்காட்டுக்குப் பயிற்சிக்குப் போய்வந்து அதை அமைத்தார். என்னைவிடச் சின்னவர். பாடம் முடிந்ததும் வினாடி வினா வரும். மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே போகும். எழுதியதைப் படம் பிடித்து ஒப்படைக்க ஒரு பெட்டி. 'இன்று உங்கள் வரப்பில் என்ன பறவை பார்த்தீர்கள்' என்பதுபோல் டீச்சர் ஏதாவது கேட்க, குழந்தைகள் பதில் எழுத ஒரு கலந்துரையாடல் பகுதி. முடித்த வேலைக்கு எதிரே ஒரு டிக் விழும். விழாத டிக் ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மகள் வினாடி வினாவை முடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அனுப்பறதுக்கு முன்னால இன்னொருக்கா பாரு கண்ணு, தப்பா இருந்தா மாத்திக்கலாம்" என்பேன். பாவம், அவள் சரியாக இருந்ததையும் சில சமயம் மாற்றித் தப்பாக்கிக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. கேரளத்து எல்லையில் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளியில் இரண்டு வீட்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். அக்கா என்னைவிட மூத்தவள். நிறையப் பேசுவாள். ஆனால் மனதில் இருப்பது அந்தப் பேச்சில் வருகிறதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

"அதையெல்லாம் நாங்க தொறக்கறதே இல்ல அம்மிணி. மாட்டப் பாப்பனா, போனப் பாப்பனா?" என்பாள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அவள் மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். இத்தனை சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவள் பெரிய விஷயத்தில் என்ன சொல்வாள் என்று என் மனம் அங்கிருந்து புறப்பட்டுவிடும்.

இரண்டாம் போக அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரிய விஷயம் வந்தது. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவு இருக்குமா என்பது எங்களுக்கெல்லாம் கவலையாக இருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பிரிவு போய்விடும். இருக்கிறவர்களை மலையாளப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதால், டீச்சர் இணைய வகுப்பில் ஒரு வாக்கெடுப்பை வைத்தார். 'பெற்றோர் கவனத்திற்கு: ஐந்தாம் வகுப்பில் உங்கள் குழந்தைக்கு எந்தப் பிரிவு வேண்டும்?' கீழே இரண்டு வட்டங்கள்: தமிழ், மலையாளம். வெள்ளிக்கிழமை வரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. நான் உடனே தமிழை அழுத்தினேன். அழுத்திவிட்டுச் சரியாக விழுந்ததா என்று மறுபடி திறந்து பார்த்தேன். விழுந்திருந்தது.

அழுத்தியவர்களுக்கு முடிவு இரண்டு பட்டைகளாகத் தெரிந்தது. யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயர் இல்லை. தமிழ்ப் பட்டை நீளமாக இருந்தது. மலையாளப் பட்டை இருக்கிறதா இல்லையா என்பதுபோல் ஒரு கோடு.

பள்ளி வாசலில் நின்ற அம்மாக்களில் ஒருவர்கூட மலையாளம் என்று சொல்லவில்லை. "நம்ம பேச்ச நாமளே உட்டுட்டா வேற எவன் வந்து பேசுவான்?" என்று அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம்.

புதன்கிழமை மலையாளப் பட்டை வளர்ந்திருந்தது. வியாழக்கிழமை இன்னும். தமிழ்ப் பட்டை குறைந்துகொண்டு வந்தது. அப்படியென்றால் புதிதாகப் போட்டவர்கள் மட்டுமல்ல, முன்பே தமிழுக்குப் போட்டவர்களும் மாற்றுகிறார்கள்! வாசலில் நின்று தலையாட்டியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அக்காவின் மகள் பெயருக்குப் பக்கத்தில் மத்தியானம் புள்ளி எரிந்தது. அதன்பின் நான் பார்த்தபோது பட்டை நகர்ந்திருந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"பக்கத்தூட்டு அக்கா மாத்தீட்டாங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் அறுவடை வண்டிக்காரனுக்குக் காத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீ பாத்தியா?"

"பாக்கோணுமாக்கும்? பட்டையே சொல்லுதுங்க."

"அப்ப பட்டைகிட்டயே கேளு" என்று அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாக்கெடுப்பு மூடியது. மூடியதும் பட்டைகள் போய் இரண்டு வரிசைகளாகப் பெயர்கள் வந்தன. இப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. மலையாள வரிசையில் அக்காவின் மகளைத் தேடி மேலிருந்து கீழே வந்தேன். அவள் இல்லை. கடைசியில் என் மகளின் பெயர் இருந்தது.

போனை மூடிவிட்டுத் திறந்தேன். அப்படியேதான் இருந்தது. அக்காவின் மகள் தமிழ் வரிசையில், முதல் பெயராக.

மறுநாள் காலை பால் சங்கத்தில் அக்கா முன்பே வந்து நின்றிருந்தாள். வரிசையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அவள் அப்படி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வாங்க அம்மிணி, முன்னால நில்லுங்க. நாளைக்கு நீங்க மலையாளத்துல பேசுனா எங்களுக்கு வெளங்காதல்ல, இப்பவே நாலு வார்த்த பேசிக்கறோம்."

"அக்கா, நான் தமிழுக்குத்தானுங்க போட்டேன்."

"ஆமா. உன்ற பேரு தானா நடந்து அந்தப் பக்கம் போயிருச்சு."

பால் ஊற்றவந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மேலும் விளக்கினேன். விளக்க விளக்க என் பேச்சே எனக்குப் பொய்போலக் கேட்டது. அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு, "செரி செரி, நம்பீட்டேன்" என்றாள். நம்பாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர்மீது சந்தேகம் வந்தது. போன் ஜன்னல் திட்டில்தான் கிடக்கும். கேட்டதும் அவர் இட்லியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த வகுப்புக்குள்ள எப்படிப் போறதுன்னே எனக்குத் தெரியாது புள்ள. தெரிஞ்சா மொதல்ல அந்தப் பச்சப் புள்ளியத்தான் அழிப்பேன்."

அது உண்மை. பிறகு என் விரல்மீதே சந்தேகப்பட்டேன்; பிறகு டீச்சர்மீது. யாரோ கேட்டுக்கொண்டதற்காகப் பெயர்களை மாற்றியிருப்பாரோ? தன் பிரிவையே தானே குறைத்துக்கொள்வாரா என்று அடுத்த நிமிடமே வெட்கமாக இருந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பின்புதான், அந்த இணைய வகுப்புக்குள் போக எங்கள் வீட்டில் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று யோசித்தேன். எனக்கு இல்லை. பெற்றோர் யாருக்குமே இல்லை. பெற்றோருக்கான கேள்வி குழந்தைகளின் கணக்கில் வந்திருந்தது.

மகள் பின்வாசலில் கன்றுக்குட்டிக்குப் புல் நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, தமிழா மலையாளமான்னு ஒண்ணு வந்துச்சே, அத நீ தொட்டியா?"

"ம். தப்பா இருந்துச்சு. நேத்து மாத்தி வெச்சேன்."

"தப்பா?"

"நீ தமிழுன்னு அழுத்தீருந்த. ஆனா பெரியம்மாகிட்டப் போன்ல மலையாளந்தானே நல்லதுன்னு சொன்ன? எனக்குத் தல சீவிக்கிட்டே சொன்னியே. எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாதுன்னு."

பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்காவிடம் சொன்னதுதான். எனக்கு நடந்தது இது: பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பட்டப் படிப்பு முடித்ததும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பள்ளி முழுவதும் தமிழில் படித்தவள் நான். மலையாளம் பேசுவேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் மேலே அனுப்ப வேண்டிய குறிப்பை மலையாளத்தில் எழுதச் சொன்னபோது கை நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எழுதிக்கொடுத்தார். தினமும் எழுதிக்கொடுத்தார். பிறகு நான் கேட்காமலே என் வேலைகள் அவர் மேசைக்குப் போகத் தொடங்கின. வேலைக்காலம் முடிந்தபோது என்னை யாரும் தொடரச் சொல்லவில்லை. வாசலில் நின்று தலையாட்டியபோதும் அந்த மேசை எனக்குள் இருந்தது. தமிழை அழுத்தியது பொய்யல்ல. பொள்ளாச்சி அக்காவிடம் சொன்னதும் பொய்யல்ல. மகள் இரண்டையும் வைத்துப் பார்த்து, வினாடி வினாவில் நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றைத் திருத்தியிருக்கிறாள்.

"திட்டுவியா?" என்றாள்.

"இல்ல."

அன்று மத்தியானமே டீச்சர் எல்லோரையும் வகுப்புக்கு வரச்சொன்னார். குழந்தைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். மகள் என் பக்கத்தில். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

"முடிவ எப்படிக் காட்டணும்னு அதுல ஒரு எடம் இருக்குங்க. பேரோட காட்டுங்கறது அதுல தானாவே டிக்காகியிருந்தத நான் கவனிக்கல. மன்னிச்சுக்குங்க. அத எடுத்தாச்சு. பெரியவங்க கேள்விய புள்ளைங்க கணக்குல போட்டதும் என் தப்புதான்."

"டீச்சர், என்ற பையன் தெனமும் ரெண்டையும் மாத்தி மாத்தி அழுத்தியிருக்கறான்" என்றார் பின் பெஞ்சில் ஒருவர். "பட்ட ஓடறதப் பாக்க நல்லாருக்குதாமா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வியாழக்கிழமை முழுதும் அந்தப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதனால இப்ப நேர்லயே கேக்கறேன். தமிழ்ப் பிரிவு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் உடனே எழவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினாலும் நம்பமாட்டார்கள், தூக்காவிட்டால் நம்பிவிடுவார்கள். எழுந்து நின்றேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும். தமிழ்ல படிச்சா பின்னால ஆபீஸ்ல மலையாளத்துல எழுத வருமாங்க? எனக்கு வரல. அதனால வேல போச்சு. எம் பொண்ணு அதக் கேட்டுட்டுத்தான் மாத்தி அழுத்தீட்டா."

பிறகு, "எனக்கும் அந்தப் பயந்தானுங்க" என்று ஒரு குரல். இன்னொருத்தி, "நான் வேணும்னேதான் மலையாளம் போட்டேன், ஏன் பொய் சொல்லோணும்?" என்றாள். வாசலில் நின்று தலையாட்டியவர்கள்தான் இவர்கள்.

"தமிழ்ப் பிரிவுல மலையாளத்துக்கு இப்ப இருக்கற நேரம் பத்தாது. பத்தும்னு சொன்னா அது பொய்" என்றார் டீச்சர். "மலையாளப் பிரிவு டீச்சர்கிட்டக் கேட்டேன். பள்ளி தொடங்கறதுக்கு முன்னால தெனமும் வந்து எழுத்துப் பயிற்சி குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கும் புள்ளைங்க வரணும், பிரிவும் இருக்கணும். அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாதுங்க."

அது பெரிய உறுதி அல்ல. அந்த டீச்சர் மாற்றலாகிப் போனால்? மழைக்காலத்தில்? எனக்குள் கேள்விகள் வரிசையாக எழுந்தன. அந்தக் கேள்விகளோடேயே கையைத் தூக்கினேன். வேறு கைகளும் எழுந்தன. சில தோளுக்கு மேல் போகாமல் நின்றன. டீச்சர் எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணிவிட்டு, "வர்ற வருஷத்துக்குத் தமிழ்ப் பிரிவு இருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காததுபோல் நாங்கள் எழுந்தோம்.

வெளியே அக்கா என் வண்டிப் பக்கம் வந்தாள்.

"ஏனம்மிணி, இத்தன வருஷமாப் பக்கத்துல இருக்கற. இந்த வேல போன கதைய எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லீருவீங்கன்னுதான்க்கா."

"அது நெசந்தான்" என்று சிரித்தாள். "போனத் தொறக்கறதில்லேன்னு நான் சொன்னதும் சும்மாதான். பாப்பாவுக்கு எந்த டிக்கு விழுகலேன்னு நானும் பாத்துட்டேதான் இருப்பேன்."

மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்கால் திருப்பத்தில் அவள் கேட்டாள்.

"அம்மா, நெசமாவே தமிழா? மறுபடியும் மாத்துவியா?"

மாட்டேன் என்று சொல்லலாம். அவள் அதை நம்பியும் விடுவாள்.

"தெரியல கண்ணு. மாத்தறதா இருந்தா உங்கிட்டச் சொல்லீட்டுத்தான் மாத்துவேன்."

கொஞ்ச தூரம் போனதும் முதுகில் தட்டினாள்.

"மலையாளத்துக்குக் காலையில நேரத்துலயே எந்திரிக்கோணுமா?"

"ஆமா."

"அத எங்கிட்டக் கேக்கவே இல்லியே, கையத் தூக்கீட்ட."