ஒருநாளும் நிரம்பாத தொட்டி

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு அந்தத் தெருவில் பெரிய மரியாதை. அது கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததால் வந்தது என்று யாராவது நினைத்தால், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஓட்டுவதை அவர்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவர் வீட்டுச் செப்டிக் டேங்க், வீடு கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட நிரம்பியதில்லை. மரியாதை அங்கிருந்துதான் வந்தது.

மற்ற வீடுகளில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி ததும்பும். கழிவு உறிஞ்சும் லாரி வரும். தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். வீட்டுக்காரர் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர் போல வாசலில் நெளிந்துகொண்டு நிற்பார். அப்போதெல்லாம் நம்மவர் மொட்டைமாடியில் கைகட்டி நின்று, ஒரு தேசம் தோற்றுப்போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்க வீட்ல அளவா சாப்பிடுவோம், நல்லா மென்னு சாப்பிடுவோம். டிசிப்ளின் சார், டிசிப்ளின்!"

"ஆமா, ரெண்டு பக்கெட்டுக்கு மேல தண்ணி எடுத்தா பிரேக் போட்டுடுவாரு" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு இந்தப் பெருமையில் பங்கு கேட்கும் ஆசை இருந்ததில்லை.

அவர் வீடு மேட்டில். அதற்கு நேர் பின்னால், சரிவின் அடியில், தங்கையின் வீடு. தங்கை கணவருக்கு மருந்துக் கடையில் வேலை. சாதுவான மனிதர், வாயைத் திறப்பதற்குள் எதிராளி பேசி முடித்துவிட்டுப் போயிருப்பார். அவர் வீட்டுத் தொட்டி தவறாமல் நிரம்பும். லாரியும் தவறாமல் வரும். மச்சானும் தவறாமல் சுவர்மேல் தலையை நீட்டுவார்.

"என்ன மாப்ளே, மறுபடியுமா? மூணு பேரு இருக்கிற வீடா, இல்ல கல்யாண மண்டபமா?"

"இல்ல மச்சான், அது வந்து..."

"எங்க வீட்ல வந்து பாடம் கத்துக்குங்க. ஃபீஸ் வேணாம்."

தங்கைக்குக் கோபம் வரும். ஆனால் அண்ணனோடு சண்டை போட அவளுக்கு நேரமில்லை. ஆறு வயது மகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிடக் கழிவறைக்குப் போன நாட்களே அதிகம். அப்பாவின் கடையிலிருந்த மருந்தெல்லாம் அவள் வயிற்றுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்தக் குழந்தைமேல் மாமாவுக்கு உயிர். "மருமகளே, உனக்கு எங்க வீடுதான் சரி. உங்கப்பன் வீட்டுக் கிணறே சரியில்ல" என்பார்.

கிணறு விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. பிறகு தெரியவந்தபடி, அவர் வாழ்நாளில் சொன்ன உண்மைகளிலேயே அதுதான் பெரியது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்தத் தெருக்காரர்கள் கூடிக் குழு அமைக்கிறார்களோ, அந்தத் தெருவுக்கு நிதி. அதை வைத்து எல்லா வீட்டுத் தொட்டிகளையும் முறைவைத்துச் சுத்தம் செய்யலாம், கெட்டுப்போன தொட்டியைத் திருத்திக் கட்டலாம், கிணற்றுத் தண்ணீரை அவ்வப்போது பரிசோதிக்கலாம். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். துணிக்கடைக்காரர் எழுந்து, "தொட்டியே நிரம்பாத மனுஷர் நம்ம நடுவுல இருக்கும்போது வேற ஆளைத் தேடணுமா?" என்று கேட்டார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கேட்டவரையே செயலாளராக்கி நன்றிக்கடனைத் தலைவர் அங்கேயே தீர்த்தார்.

முதல் வேலையாக எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தார்கள். தங்கை வீட்டுக் கிணற்றில் மட்டும் மலக்கிருமி. குடிக்கவே கூடாத அளவுக்கு.

"இதைத்தானே இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்தேன்" என்று தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவருக்கும் அதிர்ச்சிதான். ஆனால் அந்த அதிர்ச்சிக்குள் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு ஒரு சந்தோஷமும் உட்கார்ந்திருந்தது.

"நான் சொல்லல? உங்க தொட்டி ஒழுகுது மாப்ளே. முதல்ல அதை இடிச்சுக் கட்டணும். நிதியில முதல் செலவே அதுதான்."

தண்ணீர்ப் பரிசோதகர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். "இடிக்கறதுக்கு முன்னாடி பார்த்துடலாம் சார்" என்று ஒரு பொடியைக் கரைத்து, தங்கை வீட்டுக் கழிவறையில் ஊற்றினார். தொட்டியில் கசிவு இருந்தால் கிணற்றுத் தண்ணீர் பச்சையாக மாறும். உடம்புக்கு ஒன்றும் செய்யாத சாயம். நாட்கள் போயின. கிணறு பச்சையாகவில்லை. தலைவர் தினம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பையன் பாஸாகிவிட்டானே என்று வருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி திரும்பிப் போனார்.

"பொடி பழசா இருக்கும்" என்றார்.

"புதுசு சார்" என்றார் அந்தப் பெண்.

இதற்கிடையில் நிதிக்கான விண்ணப்பத்தில் ஒட்ட, ஒரு மாதிரித் தொட்டியின் படம் தேவைப்பட்டது. எந்தத் தொட்டி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, கூலிங் கிளாஸோடு பின்கட்டில் நின்றார். தெருவே கூடியிருந்தது. அந்த மூடி அன்றைக்குத்தான் முதல்முதலாகத் திறக்கப்படுகிறது. லாரிக்காரர் கடப்பாரை போட்டு நெம்பினார்.

உள்ளே தண்ணீரே இல்லை. அடியில் கொஞ்சம் சேறு.

"பார்த்தீங்களா! எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்!" என்றார் தலைவர்.

லாரிக்காரர் சேற்றை உறிஞ்சி எடுத்தார். பிறகு நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டார். தரையில் முட்டி 'டங்'கென்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. கம்பி இறங்கியது. மேலும் இறங்கியது.

"சார், இதுக்கு அடியே இல்ல."

"எது இல்ல?"

"தரை, சார். நாலு பக்கம் சுவர் இருக்கு. கீழ வெறும் மண்ணு. மேஸ்திரி கான்கிரீட் போடவே இல்ல."

"ஆனா ஒருநாளும் நிரம்பலியே?"

"எப்படி சார் நிரம்பும்? நீங்க போறதெல்லாம் அப்படியே பூமிக்குள்ள போகுது."

கூட்டத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் படாதபாடு பட்டார். பரிசோதகர் பெண் மட்டும் தொட்டியைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், சரிவின் அடியில் இருந்த கிணற்றைப் பார்த்தார். அன்றே தலைவர் வீட்டுக் கழிவறையில் பொடியைக் கரைத்து ஊற்றினார்.

அடுத்த சில நாட்கள் தலைவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வண்டி ஓட்டக் கற்க வந்தவர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதுகூடத் திட்டவில்லை. அவர்கள்தான் பயந்துபோனார்கள். பிறகு ஒரு காலையில் தங்கை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணா, கொஞ்சம் வா" என்றாள்.

வாளியில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று இருந்தது. கிளிப்பச்சை. அவ்வளவு அழகான நிறம்.

மருமகள் வாளிக்குள் விரலை விட்டு, "மாமா, கலர் தண்ணி!" என்று கை கொட்டினாள். அந்தக் கையில் வளையல் முழங்கை வரை ஏறியது. இத்தனை வருடமாக இந்தக் குழந்தைக்கு எதைக் குடிக்கக் கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. ஓடிப்போய்ச் செடி ஓரமாக வாந்தி எடுத்தார்.

அன்று மாலை குழு கூடியது. பொதுமக்கள் பார்க்க வரலாம் என்பது விதி. வழக்கமாக யாரும் வருவதில்லை. அன்று தங்கையும் கணவரும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்ததால் செயலாளர் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தலைவர் வீட்டுத் தொட்டியே இப்படின்னு மேல எழுதினா நமக்கு நிதி வருமா? அசிங்கம். அதனால, கிணறு எந்த வீட்டுதோ அந்த வீட்டுத் தொட்டிதான் கோளாறுன்னு எழுதிடலாம். ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தானே நெனச்சோம்? பணம் வந்ததும் அங்க இடிச்சுக் கட்டுவோம். தலைவர் மானமும் போகாது."

"நல்ல யோசனை" என்றார் ஒருவர். "ரொம்ப நல்ல யோசனை" என்றார் இன்னொருவர். தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. ஒழுகாத தொட்டியை இடித்து, ஒழுகுகிற தொட்டியைக் காப்பாற்றத் தெருவே ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. தண்ணீர் அப்படியே இருக்கும். குழந்தையும் அப்படியே இருப்பாள்.

தலைவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறொன்று. அந்த யோசனையைக் கேட்டதும் தன் நெஞ்சில் 'அப்பாடா' என்று ஒன்று எழுந்ததை அவரே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எழுதுய்யா. என் வீடு. தொட்டிக்கு அடி இல்ல. என் தங்கச்சி கிணத்தைக் கெடுத்தது நான். கொட்டை எழுத்துல எழுது."

"நிதி வராம போச்சுன்னா?"

"வரலன்னா என் கைக்காசைப் போட்டுக் கட்டறேன். அது கட்டி முடியற வரைக்கும் அந்தக் குழந்தை எந்தத் தண்ணியைக் குடிக்கும்? அதைச் சொல்லுங்கய்யா யாராவது."

கடைசி வரிசையில் தங்கை எழுந்தாள். செயலாளர் அவளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியில் போனார். கூட்டம் முடியும்வரை அவருக்கு அது கிடைக்கவில்லை.

"குழந்தைக்கு இவர் கடையிலேர்ந்து கேன் தண்ணி கொண்டுவர்றாரு. நீ உன் வீட்டுக் கழிவறையை இன்னிக்கே பூட்டு" என்றாள் தங்கை. "ஒரு சொட்டு கீழ போகக்கூடாது. சாவியை இவர்கிட்ட குடு."

"பூட்டிடறேன். ஆனா... நாங்க எங்க போறது?"

அதுவரை பேசாமலிருந்த மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். எதிராளி குறுக்கே பேசாததால், அன்று முதல்முறையாக அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிந்தது.

"நம்ம வீட்டுக்கு வாங்க மச்சான். கதவு திறந்தே இருக்கும்."

மறுநாள் விடிந்ததும் தலைவர் சோப்பும் துண்டுமாகச் சரிவில் இறங்கினார். பின்னால் மனைவி. தெருவில் அன்று எல்லோருக்கும் வாசலில் ஏதோ வேலை இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் போய்த் தங்கை வீட்டுக் கழிவறைக் கதவைத் தட்டினார்.

"உள்ள ஆள் இருக்கு" என்றது சின்னக் குரல்.

"நான்தாம்மா, மாமா."

"வயிறு வலிக்குது மாமா. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

அவருக்கு அவசரம்தான். கால் மாற்றிக் கால் நின்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ மெதுவா வாடா கண்ணு" என்றார். "மாமா நிக்கறேன்."