சுருட்டி எடுக்கிற புல்

ருவன்வெல்ல பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். தோளில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய சுருள். பேசிக்கொண்டே, சிமெந்து வெடிப்பில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டபடி இருந்தார். புளத்கொகுபிட்டியப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருஷம் புல்லு வெட்டியவராம். இப்போது நீர்கொழும்பில், கடலோர வீட்டு முற்றங்களில் பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்.

"உப்புக் காத்துக்கு அங்க நெசப் புல்லு நிக்காதுங்க சேர். இது நிக்கும். என்ன, வெயில்ல கால் வைக்க முடியாது, அப்படிச் சுடும். அதனால வீட்டுக்கார நோனா தினமும் தண்ணி ஊத்துறாங்க."

சிரிக்காமல்தான் சொன்னார்.

தோளில் இருந்தது வேலையில் மிஞ்சிய துண்டு. தோட்டத்தில் தான் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் விரிக்கப் போகிறாராம்.

"உங்க பக்கத்து மழைக்குப் புல் தானாவே முளைக்குமே?" என்றேன்.

"முளைக்கும் சேர். ஆனா எடம் தோட்டத்தோடது. போன வருஷம் சம்சாரம் வாசல்ல ஒரு தென்னங்கன்னு வச்சிச்சு. தோட்டத்து எடத்துல மரம் வைக்கக் கூடாதுன்னு தொரை புடுங்கச் சொல்லிட்டாரு. நான்தான் புடுங்கினேன். சம்சாரம் ரெண்டு நாள் எங்கூடப் பேசல. இதுன்னா, சொன்னதும் சுருட்டி எடுத்துடலாம் பாருங்க."

பஸ் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவரிடம் ஒரு குடை இருந்தது. அதை அந்தச் சுருளுக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஏறினார்.

மழையில் நனைந்தால் அந்தப் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.