எருக்குழி மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க ஆசை போதும், ஓட்ட லைசென்ஸ் போதும், ஆனால் வீட்டிலேயே வைத்துப் பழுது பார்ப்பதென்றால் வெட்கம், மானம் இரண்டையும் தலையைச் சுற்றித் தூர எறிந்துவிட வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையிலிருந்து நழுவிய நட்டு எங்கே போனதென்று தேடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நாம் ஒரே வார்டு நோயாளிகள். நான் கேரளாவின் தமிழ் எல்லையோரம், எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் நாலு கறவை மாடும் வைத்திருக்கும் வீட்டின் மருமகள். பெயர் கலாமணி. பால் கறக்கும் மெஷினையும் தோட்டத்து மோட்டாரையும் பிரித்து மாட்டிய தைரியத்தில் இந்த வைத்தியத்துக்குள் காலை விட்டேன்.

கொட்டகையில் குடியேற்றம்

கார் என் தம்பியுடையது. பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு ஏற்கெனவே ஓடிக் களைத்ததை வாங்கினான். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் “அக்கா, நீயே வச்சுக்கோ” என்று என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் தப்பில்லை.

ஆர்.சி. புத்தகம் தபாலில் வந்த அன்று அதை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோட்டம் மாமனார் பெயரில், பால் சொசைட்டிப் புத்தகம் கணவர் பெயரில், கேஸ் கனெக்‌ஷனும் அவர் பெயரில். சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்த முதல் காகிதம் அதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரோ அதைச் ‘சம்முகம் ஊட்டுக் கார்’ என்றுதான் சொன்னது. சண்முகம் என் கணவர்.

மாட்டுக் கொட்டகையில் பாதியைக் காருக்கு ஒதுக்கினேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வழியில் வந்த பக்கத்துத் தோட்டத்து ருக்குமணியக்கா காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து குனிந்து உள்ளேயும் பார்த்தார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: “ரெண்டு பேருதான் ஒக்கார முடியுமுங்களா? அப்பப் பால் கேனை எங்க வெப்பீங்?”

அடியில் போகும் வழி

வந்த மாதமே எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. டிராக்டர் மெக்கானிக் கண்ணப்பண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் ஓடுகிற அத்தனை டிராக்டருக்கும் அவர்தான் டாக்டர். அவர் கொண்டுவந்த ஜாக்கி காருக்கு அடியில் நுழையவே இல்லை. கடைசியில் காலியாகக் கிடந்த எருக்குழியின் மேல் நாலு தென்னந்தடியைப் போட்டு, காரை அங்குலம் அங்குலமாக அதன் மேல் ஏற்றினோம். கீழே குழிக்குள் நான். மேலே ஸ்போர்ட்ஸ் கார், சுற்றிலும் சாண வாசம். உலகத்தில் வேறு எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

கண்ணப்பண்ணன் குழிக்குள் இறங்க மறுத்துவிட்டார். வரப்பில் குந்திக்கொண்டு சொன்னார்: “டிராக்டருன்னா அடியில படுத்துட்டே ஒரு பீடி குடிச்சு முடிக்கலாமுங்க. குழி இல்லாத எடத்துல இதுக்கடியில போகோணும்னா, மொதல்ல நம்மளை இஸ்திரி போடோணும்.”

இரண்டு கால்கள்

குழி மழையில் நிரம்பிய பிறகு, செங்கல் அடுக்கி ஏற்றி, பாய் விரித்துப் படுத்து வேலை செய்யப் பழகினேன். ஒருநாள் சைலன்சரைக் கட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். ஒரு கையில் போல்ட், மறுகையில் ஸ்பேனர், வாயில் வாஷர். திடீரென்று வானத்திலிருந்து கூச்சல் கேட்டது. பத்து நிமிடத்தில் கொட்டகை முழுக்க ஆட்கள். ருக்குமணியக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள், வாஷரை நான் விழுங்காதது பெரிய புண்ணியம்.

நடந்தது இதுதான். எங்கள் தோப்பில் கள் இறக்கும் வேலாயுதண்ணன் மரத்து உச்சியிலிருந்து பார்த்திருக்கிறார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்திருக்கிறது. வண்டி அமுக்கிவிட்டதென்று முடிவு கட்டி, ஊரையே கூப்பிட்டுவிட்டார். நான் கோபமாக வெளியே வந்து கத்தியபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “அம்மணி, அடுத்த தடவ படுத்தீங்கன்னா காலை ஆட்டிட்டே படுங்க. மேல இருந்து பாக்கறவனுக்கு உசுரு இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்?”

பந்தயம்

அந்தக் களேபரத்துக்குப் பிறகு என் கணவர் இரண்டு நாள் கொட்டகையையே சுற்றிச் சுற்றி வந்தார். சண்டைக்காரர் இல்லை, மனதுக்குள்ளேயே கணக்குப் போடுகிறவர். மூன்றாம் நாள் காலையில் கொட்டகையை ஒரு கோலால் அளந்துகொண்டிருந்தார். மேலும் இரண்டு கறவை மாடு கட்ட இடம் வேண்டுமாம். காரைத் தரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

காந்தலூரில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்தில் என் தங்கை சுமதியைக் கொடுத்திருக்கிறோம். அவள் கட்டிய புது வீட்டுக்கு அடுத்த மாதம் பால் காய்ச்சு. கணவர் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “உன்ற தங்கச்சி ஊட்டு விசேசத்துக்கு இது காந்தலூர் மலை ஏறிட்டுதுன்னா இங்கயே கெடக்கட்டும். ஏறலீன்னா வித்துப்போட்டு அந்த எடத்துல ரெண்டு சிந்து மாடு கட்டறேன்.”

ஆசிட் வைத்தியம்

மலை ஏற வேண்டுமென்றால் முதலில் எஞ்சின் சூடாகக் கூடாது. இதுவோ பக்கத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை போய் வருவதற்குள் கொதித்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாய் உப்பு. எங்கள் போர் தண்ணீரைக் குடித்தால் அதற்கும் கல்லடைப்புதானே வரும்! எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் இந்த நோய் எனக்குத் தெரியும். தோப்பில் சொட்டு நீர்க் குழாய் இப்படித்தான் உப்பு கட்டி அடைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை ஆசிட் கலந்து விட்டால் கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிடும். குழாய்க்கு ஊற்றும் அதே ஆசிட்டை, அதே அளவில், ரேடியேட்டருக்கும் ஊற்றினேன்.

சொட்டு நீர்க் குழாய் பிளாஸ்டிக், ரேடியேட்டர் அலுமினியம் என்பது புகை கிளம்பிய பிறகுதான் உறைத்தது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் பொங்கியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தண்ணீர் ஊற்றிக் கழுவி முடித்தபோது ரேடியேட்டரில் உப்பு துளிகூட இல்லை, ரேடியேட்டரும் பாதி இல்லை. உட்கார்ந்து அழுதேன். பந்தயம் என் கையாலேயே கெட்டுவிட்டதே என்ற அழுகை.

கண்ணப்பண்ணன் வந்தார். ரேடியேட்டரைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். ஆறுதலாகத்தான் சொன்னார்: “உடுங்க. சொட்டு நீருக்கு இதைவிடச் சீரா ஆராலயும் ஓட்டை போட முடியாதுங்க.”

உதிரிப் பாகம்

புது ரேடியேட்டருக்காகப் பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். காரின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் மலையாளத்தில் வருஷம் கேட்டார். சொன்னேன். அருங்காட்சியகத்துக்கு மலையாளத்தில் காழ்ச்சபங்ளாவு, தேடுவதற்கு அன்வேஷிப்பது என்பார்கள். அவர் பணிவாகச் சொன்னார்: “சேச்சீ, இதினு பார்ட்ஸ் அன்வேஷிக்கேண்டது கடையிலல்ல, காழ்ச்சபங்ளாவிலாணு.”

மலை

கோயம்புத்தூரில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து, வேறொரு வண்டியின் ரேடியேட்டரைக் கண்டுபிடித்தேன். கண்ணப்பண்ணன் அதை வெட்டி ஒட்டிப் பொருத்திக் கொடுத்தார். விசேஷத்துக்கு முந்தின நாள் விடிகாலையில் புறப்பட்டோம். நான் ஓட்ட, கணவர் பக்கத்தில் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார். உடுமலை தாண்டி, சின்னாறு தாண்டி, மறையூரும் வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. எனக்குப் பாட்டு வந்தது.

காந்தலூருக்குக் கடைசி ஏற்றத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ரேடியேட்டரின் ரப்பர் குழாய் வெடித்து, இருந்த தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடியது. வண்டி நின்றுவிட்டது. கணவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப்தான் கயிறு கட்டி எங்களை மேலே இழுத்தது. புது வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்தபடி ஜீப்காரர் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கக்கா. பாக்கதுக்குப் பாயுத மாதிரி இருக்கு, படுக்கதுதான் வேல போலிருக்கே!”

சின்னாறு செக்போஸ்ட்

மறுநாள் பால் பொங்கியது, பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மத்தியானம் தங்கை வீட்டுக்காரரின் தோட்டத்து மோட்டார் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். விற்பதென்றாலும் ஓடுகிற வண்டியாக விற்க வேண்டுமே. கணவர் வந்து பக்கத்தில் குந்தினார். கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். முதல் இரண்டு தடவை தப்பாகக் கொடுத்தார், பிறகு சரியாகக் கொடுத்தார். எஞ்சின் உறுமியதும் நானே சொன்னேன், “தோத்துட்டேனுங்க. ஊருக்குப் போனதும் வாங்கற ஆளைப் பாருங்க.” “எறக்கந்தானே, நான் ஓட்டட்டுமா?” என்று மட்டும் கேட்டார். கடைசித் தடவை யார் ஓட்டினால் என்ன என்று சாவியைக் கொடுத்தேன்.

வளைவுகளில் அவர் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்னாறு செக்போஸ்ட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்ட வனத்துறைக் காவலர், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “கொள்ளாமல்லோ! சாருடே வண்டியாணோ?” என்று மலையாளத்தில் மெச்சி அவரிடம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரே பதினெட்டு மாதமாகச் சொல்வதைத்தானே வீட்டுக்காரரும் சொல்லப்போகிறார்.

என் கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “என்ற வண்டி இல்லீங்க சார். எங்கூட்டு அம்மணியோடது, அவிங்களே ரிப்பேர் பண்ணி ஓட்டறாங்க. பேரு கலாமணின்னு எழுதிக்கங்க, நான் டிரைவருங்க.”

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவளுக்கு வண்டி ஓடும் நாள் கொஞ்சம்தான் என்றாலும், ஓடாத நாளில் அதற்கு அடியில் படுத்திருக்கும்போது “சமையல் ஆச்சா?” என்று யாரும் வந்து கேட்பதில்லை என்பதால், மொத்தத்தில் இது லாபமான தொழில்தான்.