வாசிக்கத் தெரியாதவர்களின் நாற்பது கையெழுத்து

கௌரியின் புது விசிட்டிங் கார்டில் அவர் பெயரைவிடப் பதவியின் பெயர் நீளம். 'சமூக மாற்ற முன்னெடுப்புகளின் முதன்மை நெறியாளர், புதுவிடியல் அறவாரியம், ஈப்போ.' கணவர் ஸ்கந்தராஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார்.

"மாற்றம் எண்டு போட்டிருக்கு. எதை மாத்தப் போறீர்?"

"அதைத் திங்கட்கிழமை வொர்க்‌ஷாப்பிலைதான் சொல்லித் தருவினம்" என்றார் கௌரி, துவாலையை மடித்தபடி.

ஐம்பத்தேழு வயதில் வந்த வேலை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஓர் எழுத்தறிவுச் சங்கத்தை நடத்தினார். அதன் தலைவி அவர்தான், செயலாளர் அவர்தான், சாவியை வைத்திருப்பவரும் வௌவால் எச்சத்தைக் கூட்டுபவரும் அவர்தான். பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில் எட்டாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மிஞ்சியது பிள்ளைக் கொட்டகை ஒன்றுதான். தாய்மார் ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போன இடம். வியாழன்தோறும் மாலையில் அங்கேதான் வகுப்பு.

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். வரிக்கு அடியில் விரல் வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு சொல் ஒருத்திக்கு விளங்கவில்லை என்றாலும் அடுத்த சொல்லுக்குப் போகக் கூடாது. இந்த வேகத்தில் ஒரு கல்யாண மண்டபத் திறப்பு விழாச் செய்தியை முடிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் மண்டபத்தில் மூன்று கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் நாற்பது பேர் வாசிக்கப் பழகியிருந்தார்கள்.

எழுத்தறிவுக்கு நன்கொடை தருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். எல்லோருக்கும் மாற்றம்தான் வேண்டும். புதுவிடியல் அறவாரியம் சங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, வியாழன் வகுப்பு தொடரும் என்றது, கௌரிக்கு மேசையும் கார்டும் கொடுத்தது. ஆறு மாதம் தற்காலிகம். நிரந்தரமாக்க ஒரு நிபந்தனையைத் தலைமை அதிகாரி மதீசன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை தொடக்க விழா மேடம். அதுக்குள்ள உங்க ஆளுங்க நாப்பது பேர் ஒப்புதல் ஃபார்ம்ல சைன் போடணும். உங்களுக்கு அது காச்சாங்புத்தே கடலை திங்கிற மாதிரிலா."

ஃபார்ம் மூன்று பக்கம், தமிழில். கௌரி அதன் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் பார்த்தார். வண்ணப் படம், மேல்நோக்கிய அம்புக்குறி, நடுவில் 'மக்கள்' என்று ஒரு வட்டம். நாற்பது படிவத்திலும் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

வியாழன் ஐந்து மணிக்கு மதீசன் கேமராவோடு வந்தார். பெண்கள் கையெழுத்திடுவதைப் படம் பிடித்து விழாவில் காட்டுவதாகத் திட்டம்.

"பத்து நிமிஷம் போதும்" என்றார்.

கௌரி படிவங்களைக் கொடுத்தார். நாற்பது விரல்கள் முதல் வரிக்கு அடியில் போய் நின்றன.

"நி...க...ழும்" என்று ராக்காயி தொடங்கினார். அறுபத்து மூன்று வயது, முன்னாள் பால்மரம் வெட்டும் தொழிலாளி, வகுப்பின் மூத்த மாணவி. "டீச்சர், 'பயனாளி'ன்னா?"

"பயன் அடையிறவங்க, ராக்காயிக்கா."

"என்னா பயன்?"

"அது இனிமேதான் வரும்."

"வந்தப்புறம் சைன் போடலாமே" என்றார் காவலாளி மாயாண்டி. வகுப்பில் ஆண் அவர் ஒருவர்தான், அதனால் வாய் சற்று நீளம்.

ஐந்தே முக்காலுக்கு இரண்டாவது பத்தி முடிந்திருந்தது. 'பங்கேற்புசார் கட்டமைப்பு' என்ற சொல் மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. கௌரிக்கும் அது விளங்கவில்லை என்பதைப் பின்வரிசை மாணவி இருளாயிதான் முதலில் கண்டுபிடித்தார். மதீசன் கேமராவை மூடினார்.

"மேடம், சைன் மட்டும் போட்டா போதும்னு சொல்லுங்க."

கௌரி தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்க. நான் சுருக்கமா சொல்லிடுறேன், நீங்க..."

"வேணாம் டீச்சர்" என்றார் ராக்காயி. குரலில் கோபம் இல்லை. "சுருக்கமா சொல்றது கிராணி வேலை."

கௌரியின் தாத்தா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. இந்தப் பெண்களின் பாட்டன்மாரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, 'ஒண்ணுமில்லை, சும்மா ஒரு தாள்' என்று சுருக்கமாகச் சொன்னவர். பத்தொன்பது வருடத்தில் யாரும் அதைக் கௌரியின் முகத்துக்கு நேரே எடுத்ததில்லை.

"சரி, வாசிங்க" என்றார் கௌரி.

நன்றாக இருட்டிய பிறகு, மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்கு இருளாயியின் முறை வந்தது. அவர் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் அமுக்கிப் பிடித்தபடி வாசித்தார்.

"கீ...ழே கை...யொப்ப...மிடும் நான்... எழுதவோ... வாசிக்கவோ... அறியாதவர் என்பதை... உறுதி... செய்கிறேன்."

ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்த பெருமையில் நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் வாசித்தது என்னவென்று அவருக்கே உறைத்தது.

மாயாண்டி சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "இருளாயிக்கா, இவ்ளோ அழகா யாரும் இத படிச்சிருக்க மாட்டாங்க! தம்பி, மை டப்பா கொண்டாந்தீங்களா? படிக்கத் தெரியாதவன் எப்பிடி சைன் போடுவான், கைநாட்டுதானே?"

மதீசனுக்குக் காது சிவந்தது. "இது ஒரு தொடக்க நிலைக் கணக்குலா. இப்ப பூஜ்யம்னு காட்டினாத்தான் அடுத்த வருஷம் நூறுன்னு காட்ட முடியும். இவங்களுக்கு ஏற்கனவே தெரியும்னு போட்டா, நாம என்னத்த மாத்தினோம்?"

"இத நீங்க படிச்சீங்களா டீச்சர்?" என்று இருளாயி கேட்டார். "உங்க கையெழுத்து இருக்கே."

'அது வெறும் ஃபார்மாலிட்டி' என்று சொல்ல கௌரியின் வாய் திறந்தது. அந்த வரியைத் தாத்தாவும் ஏதோ ஒரு பாஷையில் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் மூடிக்கொண்டது.

"படிக்கல" என்றார். "படிக்காம போட்டுட்டேன்."

"அய்யோ, நம்ம டீச்சரையும் ஆனா ஆவன்னாவுல உக்கார வைக்கணும் போலிருக்கே" என்றார் ராக்காயி. பெண்கள் சிரித்தார்கள். கௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ராக்காயியின் படிவத்தை இழுத்து, அந்த வரியைக் குறுக்கே அடித்தார். திருத்தம் செய்தால் ஓரத்தில் பொறுப்பாளர் சுருக்கொப்பம் இட வேண்டும். கிராணி வீட்டில் வளர்ந்தவருக்கு அது தெரியாமல் போகுமா? இட்டார்.

"இப்ப போடுங்க அக்கா."

ராக்காயி தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு, கோட்டுக்கு வெளியே வழிய வழிய எழுதினார். அடுத்து இருளாயி. கௌரி அந்த வரியை அடித்துக் கொடுக்கக் கொடுக்க, மற்றவர்களும் வரிசையாக வந்து கையெழுத்திட்டார்கள்.

மதீசன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்த வரி இல்லன்னா இந்த ஃபார்ம் ஒண்ணுத்துக்கும் ஆகாது. திட்டத்த வேற ஊருக்கு, ஆயர் தாவார் பக்கம் மாத்திருவாங்க. உங்க போஸ்ட்ட நான் நிரந்தரமாக்க முடியாது. யோசிங்க."

"வியாழக்கிழமை வகுப்பு?"

"அதுவும்தான்."

கௌரி ஒரு நிமிடம் யோசித்தார். கொட்டகையின் சாவி இன்னும் தன் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. கூட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை.

"யோசிச்சிட்டேன் மதீசன்" என்றார். "உங்கக்கிட்ட பேனா இருக்கா? இதுல மை தீந்துபோச்சு. இன்னும் பன்னண்டு பேர் நிக்கிறாங்க."