நானா மூடிய கண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், மாத்தளை டவுனில் நானும், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிட்ட மூத்த தையல்காரரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்த கடையில், கறுப்பு நூலுடன் ஓர் ஊசி எப்போதும் சுவர்க் கலண்டரில் குத்தியிருக்கும். அது தைக்க அல்ல, கண் பார்க்க. தோட்டங்களிலிருந்து துணி கொண்டுவருகிறவர்கள் நூலை உருவிவிட்டு மறுபடி கோத்துப் பார்ப்பார்கள். கோத்துவிட்டால் கண் சுத்தம் என்று சிரித்தபடி போவார்கள். ஐம்பது தாண்டிய நானா முதல் தடவையிலேயே கோப்பார்.

பிள்ளைகளே, அப்படிப்பட்டவர் இடப்பக்கம் வைத்த தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் ஏன் அடிக்கடி தட்டிவிடுகிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

"எவன்டா இத இங்க வச்சது?" என்பார்.

"நீங்கதான் நானா. கண்ணாடி போடுங்க."

"நீ மொதல்ல ஒரே தடவையில நூல் கோத்துக் காட்டு. அப்புறம் எனக்குக் கண்ணாடி போடலாம்!"

ஒருநாள் அவர் கோப்பதையே உற்றுப் பார்த்தேன். ஊசியைத் தூக்கியதும் இடக்கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எங்கள் கடையில் எல்லாரும் அப்படி ஒற்றைக் கண்ணால்தான் கோப்போம். ஆனால் அன்றுதான் தோன்றியது: இத்தனை வருடமாக அந்த ஊசி அவருடைய எந்தக் கண்ணைச் சோதித்தது?

"நானா, மத்தக் கண்ண மூடிக்கிட்டுக் கோங்களேன்."

விளையாட்டாக மூடினார். ஊசியைக் கிட்டக் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு கையை இறக்கினார்.

"தம்பி, ஊசி கெடக்கட்டும். நீ எங்க நிக்கிற?"

நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன்.

கண்டியில் கண் டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு, சின்னக் கருவியொன்றைக் கண்மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறதாம். இடக்கண்ணில் போனது திரும்பாது. வலக்கண்ணிலும் தொடங்கிவிட்டது, தினமும் சொட்டு மருந்து விட்டு, தவறாமல் வந்து காட்டினால் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். "நோவே இல்லியே டாக்டர்," என்று நானா திரும்பத் திரும்பச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அல்லாஹ் ஒண்ண மிச்சம் வச்சிருக்கான் தம்பி. இதையும் மூடிப் பாக்கச் சொல்லிடாத."

சொட்டு மருந்து விட அவர் ஒருநாளும் தவறவில்லை. வலக்கண் பார்வை கடைசிவரை அவருக்கு இருந்தது.

எனக்கும் இப்போது ஐம்பது நெருங்குகிறது. "அப்பாவுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, எதுக்குக் கண்டிக்குப் போறீங்க?" என்று கேட்கிறீர்கள். நானாவுக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. அதனால்தான் நாளைக் காலை பஸ் ஏறுகிறேன்.