மகாராணிக்கு எதிரே ஒரு முக்காலி

எங்கள் வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டுப் பயனில்லை. சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். பக்கவாட்டில் துளைகள், உள்ளே மூன்று தட்டுகள். ஒரு குச்சியைத் துளைக்குள் விட்டு, மேல்தட்டில் கிடக்கும் சர்க்கரைக் கட்டியை ஓரம்வரை உருட்ட வேண்டும். அது நடுத்தட்டில் விழும். அங்கே தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். கடைசித் தட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தூங்குகிற குழந்தையைப்போல் இடப்பக்கம் சாய்த்தால், கட்டி கையில் வந்து விழும். அதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும்.

"காப்பி ஆறினா என்ன அத்தை, மூளை சூடாச்சா இல்லையா?" என்பாள் என் மருமகள்.

அவளுக்கு உயிரியல் பூங்காவில் வேலை. மனிதக் குரங்குகளுக்குப் பொழுது போகச் செய்வதுதான் அந்த வேலை. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவள்தான். காட்டில் இருக்கும் குரங்குக்குப் பகல் முழுவதும் வேலை இருக்கிறது: எந்த மரத்தில் பழம், எந்தப் பொந்தில் தேன், எந்தப் பட்டைக்கடியில் புழு என்று. கூண்டிலோ சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. நாலு வாயில் தின்றுவிட்டு, மீதிப் பகலெல்லாம் தன் முடியைத் தானே பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் என் மருமகள் சாப்பாட்டை ஒளித்துவைப்பாள். குழாய்க்குள், பனிக்கட்டிக்குள், பழைய டயருக்குள், பெட்டிக்குள் இருக்கும் பெட்டிக்குள். தேடித் திறந்து தின்னட்டும் என்று.

என் மகன் ஒரு பல் மருத்துவன். அவளைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்னபோது நான் கேட்டேன்: "பொண்ணு என்னடா பண்றா?"

"குரங்குங்களுக்குப் பொழுதுபோக்கு கண்டுபிடிக்கிறாம்மா."

"அப்ப நம்ம வீட்டுக்கு ஏத்த பொண்ணுதான்" என்றார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

அவர் சொன்னது அப்படியே பலித்தது. வீட்டுக்கு வந்த கையோடு பின்னறையைப் பட்டறை ஆக்கிவிட்டாள். துளைபோடும் இயந்திரம், வெட்டிப்போட்ட குழாய்கள், தீயணைப்பு நிலையம் வேண்டாமென்று தள்ளிய தண்ணீர்க் குழாய்ச் சுருள்கள். அந்தச் சுருளைப் பின்னித்தான் தூளி செய்வாள். அப்படி ஒரு தூளியில் என் வீட்டுக்காரர் ஒருநாள் மதியம் படுத்து அசந்துவிட்டார். தூளியை எடுத்துப்போகப் பூங்கா வண்டிக்காரர்கள் வந்து, கொரில்லாவோடு சேர்த்துத்தான் ஆர்டர் போலிருக்கிறது என்று அவரையும் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டார்கள். இதில் பாதியைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறைத்துக்கொள்ளலாம்; குறட்டையை மட்டும் குறைக்க முடியாது.

எதைச் செய்தாலும் முதலில் எங்களிடம்தான் சோதிப்பாள். அதற்கென்று அவளிடம் ஓர் அளவுகோல் உண்டு. மாமா திறந்துவிட்டால் அது சிம்பன்சிக்கு. அத்தை திறந்துவிட்டால் ஒராங்குட்டானுக்கு. கட்டின புருஷன் திறந்துவிட்டால்?

"அதைக் குப்பைல போட வேண்டியதுதான்" என்பாள், அவன் காதுபடவே.

"பல்லு வலின்னு வருவேல்ல, அப்ப பேசிக்கிறேன்" என்பான் அவன்.

பூங்காவில் அவளுக்கு உயிர் மகாராணிதான். வயதான பெண் ஒராங்குட்டான். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் முடி, தோளில் சால்வை போட்டதுபோல் தொங்கும். அந்த நடையைப் பார்த்தால் நமக்கே எழுந்து நிற்கத் தோன்றும். ஒருமுறை பழுதுபார்க்க வந்தவரின் திருப்புளியைக் கீழுதட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, இரவெல்லாம் ஆற அமரக் காற்றுச் சன்னலைக் கழற்றிவிட்டு, காலையில் இயக்குநர் தன் அறையைத் திறந்தபோது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாளாம். நான் பார்க்கவில்லை. நாற்காலியில் சிவப்பு முடி ஒட்டியிருந்ததை மருமகள் பார்த்தாள். எனக்கு அது போதும்.

அப்பேர்ப்பட்ட மகாராணி திடீரென்று படுத்துவிட்டாள். அவளோடு இருந்த மகள் வளர்ந்து பெரியவளாகி, வேறொரு பூங்காவுக்குப் போனாள். அன்றிலிருந்து மகாராணி ஒரு கோணிப்பையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, உள்ளறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வெளி முற்றத்துக்கு வருவதில்லை. சாப்பாட்டையும் கொறிப்பதோடு சரி.

மருமகள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். புதுப்புதுக் குழாயாகச் செய்தாள். இங்கேதான் தப்பு நடந்தது. எங்களிடம் சோதித்துச் சோதித்து நாங்கள் தேறிப்போயிருந்தோம். நாங்கள் சட்டென்று திறந்துவிட, "ரொம்ப சுலபம்" என்று அவள் இன்னும் கடினமாக்க, நாங்கள் அதையும் திறக்க, கடைசியில் ஒன்றைச் செய்தாள் பாருங்கள், அதற்குப் பேய்க்குழாய் என்று பெயர் வைத்தோம். ஓர் உலர்திராட்சைக்காக என் வீட்டுக்காரர் அதை ஞாயிறு முழுவதும் திருகினார். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். பிறர் செய்த தப்பைக் கண்டுபிடித்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கினவர். திராட்சை வரவில்லை. குழாயை வைத்துவிட்டுச் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் குழாயையும் தொடவில்லை. "நான் என்ன குரங்கா?" என்றார்.

அங்கே கோணி, இங்கே செய்தித்தாள். நடுவில் என் மருமகள் துரும்பாய் இளைத்தாள்.

இயக்குநர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைப் போனில் சொல்லக் கூடாதென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்.

"கூண்டுப் பெட்டி வந்து எறங்கிடுச்சும்மா" என்றார் அவளிடம். "வர்ற வெள்ளிக்கிழமை மகாராணிய அனுப்பிடலாம்னு இருக்கோம். அந்தப் பூங்காவுல ஒரு கூட்டமே இருக்கு. பேச்சுத்துணையாவது கெடைக்கும்."

"டாக்டரம்மா சொன்னத கேட்டீங்களா சார்? பெட்டில ஏத்த மயக்க ஊசி போடணும். அவ இருதயத்துக்கு அது தாங்காது. தூங்கினா முழிக்கிறது நிச்சயமில்லன்னாங்களே."

"கேட்டேன். ஆனா இங்க செவுத்தப் பாத்துக்கிட்டுப் பட்டினி கெடந்தா மட்டும் எத்தன நாளைக்கு? நீயே சொல்லு. அவ வெளிய வந்து, பழையபடி கை வச்சு ஏதாவது வேலை பண்ணி ஒருவாய் தின்னான்னா, பெட்டிய நானே திருப்பி அனுப்பிடறேன்."

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. நான் காப்பியைக் கொண்டுவந்து வைத்து, பழக்கதோஷத்தில் சர்க்கரைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

பாவம், அவர் மரியாதைக்குரிய மனிதர். எப்படித் திறப்பது என்று கேட்கவும் கூச்சம். குச்சியை எடுத்தார். தவறான துளையில் விட்டார். கட்டி ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பெட்டியைக் குலுக்கினார். காதருகே வைத்துக் கேட்டார். பெட்டி என்ன பாடவா போகிறது?

ஓரமாக நாற்காலியில் விரிந்திருந்த செய்தித்தாள் நடுங்கியது.

"அந்தத் துளை இல்ல" என்று தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல்.

இயக்குநர் அடுத்த துளைக்குப் போனார். கட்டி நடுத்தட்டில் விழுந்தது.

"தள்ளாதீங்க. இழுங்க."

"இழுத்துக்கிட்டுதானே சார் இருக்கேன்."

"இதுக்குப் பேரு இழுக்கறதா? ஐயோ, விட்டா ஒடச்சிடுவீங்க போலிருக்கே! குடுங்க இப்படி!"

செய்தித்தாள் தரையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரே எட்டில் மேசைக்கு வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். உருட்டினார், இழுத்தார், சாய்த்தார், கட்டி கையில். அதை இயக்குநரின் காப்பியில் போட்டாரா என்றால், இல்லை. திரும்பப் பெட்டிக்குள் போட்டார். மறுபடி மெதுவாகச் செய்து காட்டினார். "பாத்தீங்களா? எங்க பாக்கறீங்க, இங்க பாருங்க!" காதுவரை வாயெல்லாம் பல். காப்பியில் ஆறு கட்டி விழுந்த பிறகும் அவர் விடவில்லை.

சமையலறை வாசலில் மருமகள் சிலையாய் நின்றாள்.

"அத்தை, மாமாவப் பாருங்க."

"கல்யாணமான நாள்லேருந்து அததானேம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"இல்ல அத்தை. பேப்பரப் பாருங்க. கீழ கெடக்கு!" என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மகாராணி குழாயத் திறக்கறப்பல்லாம் பக்கத்துல மக உக்காந்து தடுமாறிக்கிட்டிருப்பா. அதப் பாக்கப் பொறுக்காம இவ செஞ்சு காட்டுவா. இப்ப யாருக்குக் காட்டுவா? நான் பைத்தியக்காரி, கஷ்டமான குழாயா செஞ்சு குடுத்துக்கிட்டிருந்தேன். அவளுக்கு வேண்டியது கஷ்டமான குழாய் இல்ல அத்தை. கஷ்டப்படற ஆளு!"

மறுநாள் காலை எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். உள்ளறைக் கம்பிவலைக்கு வெளியே, இயக்குநர் பார்க்க, ஒரு முக்காலி போடப்பட்டது. வலைக்கு அந்தப் பக்கம் மகாராணிக்குப் பிடித்த பழைய குழாய் ஒன்று. இந்தப் பக்கம் அச்சாக அதேபோல் இன்னொன்று. முதலில் என் மகன் உட்கார்ந்தான். அந்தக் குழாய் தன் பெண்டாட்டி கையில் பிறந்ததைப் பார்த்தவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு திறப்பான். அதனால் நடித்தான். குச்சியைக் கீழே போட்டான், தலையைச் சொறிந்தான், "ஐயோ தெரியலயே" என்று முனகினான்.

கோணியின் ஓரம் லேசாக உயர்ந்தது. ஒரு கண் தெரிந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தது. கோணி இறங்கியது. மகாராணி முன்னைவிட நன்றாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"வலிக்கவே வலிக்காதுன்னு பேஷண்டுகிட்ட சொல்லுவியே, அதே மூஞ்சி" என்றேன் நான். "அத யாருடா நம்புவா?"

"நடிக்கறவங்க வேணாம்" என்றாள் மருமகள். "நெசமாவே தெரியாத ஆள் வேணும்."

நாங்கள் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்னையா?" என்றார் இயக்குநர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்கள விட்டா எங்களுக்கு வேற கதியில்ல."

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கம்பீரமாகத்தான் தொடங்கினார். சிறிது நேரத்தில் நெற்றி வேர்த்தது. திராட்சை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, வரமாட்டேன் என்கிறது. குச்சியை எறிந்துவிட்டு ஆள்காட்டி விரலையே துளைக்குள் விட்டார். விரல் மாட்டிக்கொண்டது. இழுத்தார். முக்காலி ஆடியது. நாங்கள் உதவிக்கு ஓடப் போனோம். மருமகள் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சி, முத்தம் கொடுப்பதுபோல். முத்தமில்லை அது, ஒராங்குட்டானுக்கு எரிச்சல் வந்தால் வரும் சத்தம். என் வீட்டுக்காரரிடமிருந்து முந்தின நாள் வந்த முனகலின் அக்கா.

கோணி சரிந்து விழுந்தது. மகாராணி எழுந்து, சால்வை முடி அசைய, வலையருகே வந்து உட்கார்ந்தாள். இயக்குநரின் விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இப்படியும் ஒரு பிறவியா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தன் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, குச்சியை எடுத்து, அவர் பார்க்கிறாரா என்று நிமிர்ந்து உறுதிசெய்துகொண்டு, முதல் துளையில் விட்டாள். திராட்சை நகர்ந்தது. நிறுத்தினாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துக்கிட்டிருக்கேம்மா" என்றார் இயக்குநர், சத்தியமாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை குரலில்.

திராட்சை வந்தது. வாயில் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. குழாய் காலியானதும், எச்சில் ஊறின தன் குச்சியை வலை வழியாக அவரிடம் நீட்டினாள். 'இந்தா, இப்ப நீ' என்பதற்கு வேறு எந்த மொழி வேண்டும்?

மருமகள் என் முந்தானையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஒருவழியாகத் தலையைத் தூக்கி, "சார், வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை கெடக்கட்டும்மா! அந்த ரெண்டாவது துளையில அவ என்ன பண்ணினா, நீ பாத்தியா?"

அன்று மாலை முக்காலியை வெளி முற்றத்துப் பக்கம் நகர்த்தினார்கள். மகாராணியும் பின்னாலேயே வெயிலுக்கு வந்தாள். மாணவனை நடுவில் விட முடியுமா? வந்து இறங்கின பெட்டியைத் திருப்பி அனுப்பக்கூட இல்லை. கதவைக் கழற்றி, வைக்கோலைத் திணித்து முற்றத்தில் வைத்தாள் மருமகள். மகாராணி அதன் கூரைமேல் கோணியை விரித்து மெத்தை போட்டுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் இயக்குநர் தினமும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தார். காப்பி வைத்தேன். யாரும் கேட்காமலே சர்க்கரைப் பெட்டியை இழுத்து, உருட்டி, இழுத்து, சாய்த்தார். கட்டி கையில் வந்து விழுந்தது. எங்கள் எல்லோரையும் வெற்றிவீரர்போல் சுற்றிப் பார்த்தார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தேறிட்டாரு" என்றான் என் மகன், துக்கச் செய்தி சொல்வதுபோல்.

மருமகள் எழுந்து பின்னறைக்குப் போனாள். அடுத்த நொடி துளைபோடும் இயந்திரம் அலறத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை இயக்குநர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காப்பிய மெதுவாக் குடிங்க சார்" என்றார். "அடுத்தது வருது. உங்களால முடியவே முடியாது."